சிலுவை போட்ட வீடுகள்

எங்கள் சபையில் கிறிஸ்மஸ் கேரல் பாடப் போகிற வீடுகளின் பட்டியலை எழுதுகிறவன் நான். மொத்தம் நாற்பத்து மூன்று வீடுகள். கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு வாரமான ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு, பீடத்தில் ஊதாத் துணி விரித்து, நான்கு மெழுகுவர்த்திகளில் முதலாவதை ஏற்றி முடித்ததும் போதகர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அன்று சாயங்காலம் போன வருஷத்துத் தாளை எதிரே வைத்துக்கொண்டு புதிய தாளில் எழுத உட்காருவேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு அந்தத் தாளோடுதான் தெருவில் இறங்குவோம்.

நான் சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். எழுத்துப் படித்தது நாற்பத்தொரு வயதில். போதகரம்மா புதன்கிழமைகளில் ஞாயிறு பள்ளி அறையில் எங்களைப் போல எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் நெஞ்சில் இடிக்கும். எட்டுப் பேரில் கடைசிவரை தாக்குப்பிடித்தது நானும் ஒரு வாட்ச்மேனும்தான். பட்டியலை வைத்திருந்த தபால்காரர் வேலை மாற்றலாகிப் போனபோது, "நீங்களே எழுதுங்க, கை பழகும்" என்று போதகரம்மா அதை என்னிடம் தந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை மூட்டை கட்டியிருந்தால் ஒரு லாரி பத்தாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்தில் சாவு நடந்த வீட்டு வாசலில் பாடுவதில்லை. நிற்போம், போதகர் ஜெபிப்பார், ஆமென் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். எந்தெந்த வீடு என்று தபால்காரர் தலையிலேயே வைத்திருந்தார். எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது. ஆகவே அப்படிப்பட்ட வீட்டுக்கு நேராக ஒரு சின்னச் சிலுவை போட்டுவைத்தேன். தெருவில் தாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பவனும் நானே. சிலுவை போட்ட வீடு வந்தால் வலது கையைத் தூக்குவேன். பின்னால் வருகிற இருபது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் பதினேழாவது வரியில் என் கை நின்றுவிட்டது. பதினேழாவது எங்கள் வீடு.

எங்கள் மகள் மார்ச்சில், லெந்து நாட்களில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருபது வயது. ஒரே பிள்ளை. கேரல் குழுவில் பாட்டை எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். ஒவ்வொரு வாசலிலும் அவள் முதல் வரியைத் தொடங்குவாள், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் ஏறுவார்கள். குழுவை நடத்துகிறவர் வாரநாட்களில் பஸ் ஓட்டுகிறவர். நாங்கள் அவரைப் பாட்டு வாத்தியார் என்போம். இவள் இருக்கும்போது எனக்கு ஆர்மோனியம் எதற்கு என்பார் அவர்.

என் மனைவி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கை நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்ல."

"நம்ம வீடு வந்துடுச்சா?"

அவள் துணியை வைத்துவிட்டு வந்தாள்.

"சிலுவை போடப்போறீங்களா?"

"வழக்கம் அதுதானே."

"என் பிள்ளை பாடிட்டிருந்த வாசல்ல வந்து எல்லாரும் வாயை மூடிட்டு நிக்கப்போறீங்க. ஒன்பது மாசமா இந்த வீட்ல சத்தமே இல்லைங்க. நீங்க கிடங்குக்குப் போயிடுறீங்க, உங்களுக்கு எங்க தெரியும்? பால்காரன்கூட இப்ப மெதுவாத்தான் கதவைத் தட்டுறான். சர்ச்சுல இருந்தும் வந்து சும்மா நின்னுட்டுப் போனாங்கன்னா, நான் இனிமே அந்தப் படி ஏறமாட்டேன். சொல்லிட்டேன்."

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க? மக தவறின வருஷமே வாசல்ல பாட்டு வச்சாங்கன்னு—"

"அந்த நாலு பேரை என்கிட்ட அனுப்புங்க."

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறவள் அல்ல. தன் அண்ணனோடு பேசமாட்டேன் என்று ஒரு தடவை சொன்னாள். ஆறு வருஷம் பேசவில்லை. மகள் போனபிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வருவதே ஞாயிறு காலையில் மட்டும்தான். அதுவும் நின்றால் அந்த நான்கு சுவர்தான் அவளுக்கு.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் தாளின்மேல் குனிந்து பார்த்தவள், ஈர விரலை ஒரு வரியில் வைத்தாள்.

"இங்க ஒரு சிலுவை போட்டிருக்கீங்களே, இது யார் வீடு?"

"ஒன்பதாவதா? தையல்காரக்கா வீடு."

"அங்க இந்த வருஷம் யார் செத்தா?"

நான் அந்த வரியை மறுபடி படித்தேன்.

"அவங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இது நாலாவது கிறிஸ்மஸ்ங்க," என்றாள்.

பழைய தாள்களைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினேன். மூன்று தாளிலும் ஒன்பதாவது வரியில் அதே சிலுவை. முதல் வருஷம் போட்டது சரி. அடுத்த இரண்டும் என் கை செய்தது. நான் பார்த்து எழுதுகிறவன். சுழியைப் பார்த்துச் சுழி, புள்ளியைப் பார்த்துப் புள்ளி என்று போய், சிலுவையைப் பார்த்துச் சிலுவை போட்டிருக்கிறேன். எழுதியிருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. மற்ற சாவு வீட்டுக்காரர்கள் அடுத்த வருஷமே, "எங்களுக்குப் பாடுவீங்கல்ல?" என்று கேட்டார்கள், அழித்தேன். தையல்காரக்கா கேட்கவில்லை.

கேட்டவள் என் மகள்தான். போன வருஷம், அந்த வாசலைவிட்டு நகர்ந்ததும் என் பக்கத்தில் வந்து, "அப்பா, தையல்கார அத்தை வீட்டுல ஏன் நாம பாடலை?" என்றாள். "பட்டியல்ல இருக்கும்மா" என்றேன். பட்டியல் என் கையிலேயே இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து, உடம்பில் சிமெண்ட் தூசியோடு தையல்காரக்கா வீட்டுக்குப் போனேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கு வெள்ளை அங்கிகள் தைத்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவர்தான் தைப்பார். மிஷின் பக்கத்தில் குட்டிக் குட்டி அங்கிகள் மடித்து அடுக்கியிருந்தன. தூசி படாமல் நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

"வாங்க தம்பி. கிழிஞ்சதா, தையல் விட்டதா?"

"தைக்கக் கொண்டுவரலக்கா. ஒரு தப்பைச் சொல்லிட்டுப் போக வந்தேன்."

சொன்னேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்து எழுதினேன் என்று நான் சொன்ன இடத்தில் நின்றது.

"அப்போ கமிட்டியில பாடாதீங்கன்னு சொல்லலையா?"

"எந்தக் கமிட்டிக்கா? ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் நான் பண்ணினது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "எங்க வீட்டுக்காரர் சர்ச் படியில நின்னு கமிட்டி மூப்பர்களைத் திட்டினாரே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல. அந்தக் கோபத்துலதான் என் வீட்டை ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன், பாக்கலையா நீங்க?"

"பாத்தேன்க்கா. கதவுப் பக்கம் காத்து வருதுன்னு உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

அவர் சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு அது.

"போன வருஷம் பக்கத்து வீட்டுல கேட்டு நாற்காலியெல்லாம் வாங்கிப் போட்டு வச்சேன் தம்பி. இந்த வருஷமாவது பாடுவாங்கன்னு. நீங்க வந்தீங்க, கையைத் தூக்கினீங்க, போனீங்க. நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனா, ஏங்க, யாருமே உக்காரலையான்னு கேக்குறாங்க. வருஷா வருஷம் தேவதூதருங்களுக்குச் சட்டை தைச்சுக் கொடுக்கிறேன். ஒரு தூதனும் என் வாசல்ல வாயைத் திறக்கலை."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அதை அப்புறம் பாக்கலாம். இப்ப என்கிட்ட சொன்னதை எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா? மூப்பர்கள் முன்னாடி?"

"சொல்றேன்க்கா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மிஷின் மறுபடி ஓடியது. நான் படியிறங்கினேன்.

ஆகமனத்தின் மூன்றாம் ஞாயிறு ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். ஆராதனை முடிந்து கேரல் ஒத்திகைக்காகக் குழுவும் மூப்பர்களும் உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றேன். தாளைப் பார்க்காமல் பேசவேண்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்று வருஷத்துச் சிலுவையையும் சொன்னேன்.

மூத்த மூப்பர் ஒருவர், ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் கையில பட்டியலைக் கொடுத்தா இப்படித்தான்."

போதகரம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

பாட்டு வாத்தியார் எழுந்தார். "அவர் முன்னாடி நடந்தாரு, சரி. பின்னாடி நடந்த இருபது பேரும் படிச்சவங்கதானே? எங்களுக்குக் கண்ணு எங்க போச்சு? அந்தக்காவோட பீடத்துல ஒரே பாத்திரத்துல இராப்போஜன ரசம் வாங்குறோம். ஒருத்தரும் கேக்கலையே."

அந்தச் சூட்டோடு என் வீட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். எங்கள் வாசலில் பாடவேண்டும், என் மனைவி கேட்கிறாள் என்றேன். பாடாவிட்டால் சர்ச் படி ஏறமாட்டேன் என்று அவள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லி வாங்குகிற பாட்டு அவளுக்கு வேண்டியிருக்காது.

"பிள்ளை போய் வருஷம் திரும்பலை," என்றார் அதே மூப்பர். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை. "வழக்கம்னு ஒண்ணு இருக்கு தம்பி. துக்கத்துக்கு நாம கொடுக்கிற மரியாதை அது."

போதகர் மோதிர விரலைத் தடவிக்கொண்டிருந்தார். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. தையல்காரக்கா போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதையே நாங்கள் அப்போதுதான் பார்த்தோம்.

"வாசல்ல நின்னு கேளுங்களேன். பாடவா, ஜெபம் மட்டும் போதுமான்னு. அதுகூடவா எழுதி வச்சுக்கணும்? வாய் இருக்கில்ல?"

போதகர் நிமிர்ந்தார். "அப்படியே செய்வோம்," என்றார்.

நான்காம் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். குளிர் இருந்தது, வெயிலும் இருந்தது. என் தாளில் எண்ணும் வீடும் மட்டும்தான். பாட்டை வாத்தியாரே எடுத்துக்கொடுத்தார். பஸ் ஹாரன் மாதிரிதான் இருந்தது, ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாகவே வந்தது. என் மகள் நிற்கிற இடம்.

ஒன்பதாம் வீட்டில் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரமாக நாற்காலிகள்.

"பாடலாமா அம்மா?" என்றார் போதகர்.

"ரெண்டு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துப் பாடுங்க ஐயா."

மூன்று பாட்டுப் பாடினோம். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். முடிந்ததும் எல்லாரும் போய் நாற்காலியில் உட்கார்ந்தோம். உட்காராமல் அந்த வீட்டைவிட்டு வரக்கூடாது என்று எல்லாருக்குமே தோன்றியிருக்கவேண்டும். புறப்படும்போது அக்காவும் கதவைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பத்தாவது வீட்டுப் படி உடைந்திருந்தது. ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பதினேழாம் வீட்டை அடைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. என் மனைவி இரண்டு கதவையும் திறந்துவைத்து வாசலில் நின்றிருந்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். ஒன்பது மாதத்தில் நான் அவளை அப்படிப் பார்க்கவில்லை.

"பாடவா, ஜெபம் மட்டும் போதுமா அம்மா?" என்று கேட்டார் போதகர்.

"பாடுங்க."

எல்லாரும் பாட்டு வாத்தியாரைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஏழு வயதிலிருந்து அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தன் இடது பக்கத்துக் காலி இடத்தை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான், கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வேறு யாருக்கும் எடுக்க வரவில்லை. இருபது பேர் நின்றோம். சிலுவை போட்ட வீட்டு முன்னால் நிற்கிற அதே அமைதி. நான் என் வலது கையைப் பார்த்தேன். தாளைப் பிடித்தபடி கீழேதான் தொங்கியது. என் மனைவியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடச் சொல்லியும் கடைசியில் வாயடைத்து நிற்கப்போகிறார்கள் என்று அவள் முகம் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. எனக்காவது வரவேண்டும் என்று மூச்சை இழுத்தேன். காற்றுதான் வந்தது.

அப்போது அவளே தொடங்கினாள்.

ஆராதனையில் அவள் உதட்டை மட்டும்தான் அசைப்பாள். "நீ பாடினா வீட்டுப் பல்லி ஊரைவிட்டு ஓடிடும்மா" என்று மகள் கேலி பண்ணியதுண்டு. அந்த வாயால், வாசலில் நின்று, எங்களைப் பார்த்து முதல் வரியைப் பாடினாள். சுருதி எங்கேயோ உச்சியில் இருந்தது. இரண்டாம் வரியில் தையல்காரக்கா சேர்ந்தார். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக. அந்த உயரத்துக்கு ஆண்களால் போகமுடியாமல் நடுவில் தடுமாறினோம். நான் இரண்டாம் சரணத்தில்தான் சேர்ந்தேன், எனக்கு எட்டுகிற அளவுக்குக் கீழே. குமாஸ்தா மூப்பர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு பாடினார்.

நான்கு சரணமும் அவள் நிறுத்தவில்லை.

போதகர் ஜெபித்து முடித்ததும் அவள் வாத்தியாரைப் பார்த்து, "ரொம்ப மேல எடுத்துட்டேனா அண்ணே?" என்றாள்.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஏணி வச்சுத்தான் ஏறினோம் தங்கச்சி."

அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். அடுத்த வீடு தெருவுக்கு எதிரே. நான் தாளைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தேன். பின்னால் அவள் தையல்காரக்காவிடம் சொல்வது கேட்டது.

"அடுத்ததை நீங்க எடுங்கக்கா. கொஞ்சம் கீழ இருந்து எடுங்க."