விஷம் காயும் வரை

ஆளுக்கொரு வேடமேற்றுக் கதையாக ஆடும் எங்கள் பகடையாட்டத்தில், கத்தியில் தடவிய விஷம் ஒரு நிமிடம்தான் ஈரமாக இருக்கும். அதற்குள் குத்திவிட வேண்டும். ஆனால் ஆட்டத்தின் ஒரு நிமிடம் என்பது பத்துச் சுற்று. பகடை உருட்டி, வாதாடி, பாப்கார்ன் கொறித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலே கரைந்துவிடும்.

எம்மெட்தான் கதை நடத்துபவன். கோட்டைப் பிரபு, காவலர், மழை எல்லாமே அவன் குரல்தான். ஆட்டத்தில் என் அண்ணன் டெல்பர்ட் பாதிரி. நான் திருடி. மூன்று குளிர்காலமாகத் துரத்திய பிரபுவின் முதுகுக்குப் பின்னால், திரைச்சீலைக்குள் நின்றிருந்தேன். பிரபு செத்தால் கதை முடிந்தது. மறுநாள் காலை எம்மெட் புது வேலைக்கு டுலூத் நகரத்துக்குக் கிளம்புகிறான். அதற்குப் பிறகு நாங்கள் ஆடும் எங்கள் வீட்டு பேஸ்மென்டுக்கு வர அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது.

"குத்துடி!" என்றான் டெல்பர்ட்.

"பொறு. அவர் என்ன பாட்டு முணுமுணுக்கிறார்னு கேக்கறேன்."

"விஷம் காயுது, நீ பாட்டு கேக்கறியா? எம்மெட், இதெல்லாம் செல்லுமா?"

"செல்லும். அவ முறை, அவ இஷ்டம்."

எம்மெட் முணுமுணுத்தான். அவனுக்குப் பாட வராது. இருந்தும் மெழுகுவர்த்திகள் எரியும் ஒரு மண்டபம் மெல்ல எங்களைச் சூழ்ந்தது. வெளியே பனி ஏறி ஏறிச் சின்ன ஜன்னலை மூட, வெளிச்சம் நீலமாகி, துணி உலர்த்தும் இயந்திரத்தின் உறுமல்கூட எங்கோ தூரத்து ஆறுபோல் கேட்டது. அடுத்த சுற்றில் பிரபுவின் மேலங்கியைப் பார்த்தேன். அதற்கடுத்ததில் அவர் பிடரியை. பாதிரி டெல்பர்ட் காவலர் நுழையாதபடி மண்டபக் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினான்.

"இன்னொரு தடவை விஷம் தடவிக்கலாமா?" என்று கேட்டேன்.

"குப்பி காலி," என்றான் எம்மெட். "மிச்சம் இருந்தாலும், தடவும்போது பகடையில ஒண்ணு விழுந்தா உன் கையிலயே ஏறிடும். ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது.

"கடைசிச் சுற்று. இன்னும் ஈரமாத்தான் இருக்கு. என்ன பண்ணப்போறே, மார்லிஸ்?" எம்மெட் திருடியின் பெயரைச் சொல்லாமல் என் பெயரைச் சொன்னான்.

"கத்தியைத் துடைச்சிடறேன். அவர் முன்னாடி போய் நிக்கறேன்."

"மூணு வருஷம்டி!" டெல்பர்ட் தலையில் கைவைத்துக்கொண்டான்.

பிரபு திரும்பினார். "கையில விஷம் இருந்துதே. ஏன் குத்தல?"

"நீங்க இல்லாம போயிட்டா நான் எங்க போறது?"

எம்மெட்டின் கண்ணைப் பார்த்தே சொன்னேன். டெல்பர்ட்டின் கை பாப்கார்னுக்குள் அப்படியே நின்றது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அடப்பாவிகளா," என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனான்.

எம்மெட் தன் பகடைகளை மறைத்திருந்த அட்டைத் தடுப்பை மடித்து வைத்தான். காது மடல்கள் சிவந்திருந்தன.

"டுலூத்ல ரொம்பக் குளிரும்." இது அவனுடைய சொந்தக் குரல்.

"என்கிட்ட நல்ல கோட்டு இருக்கு."

"சனிக்கிழமையானா அங்க வந்துடுவியா? பிரபு இன்னும் உயிரோடதான் இருக்கார். யாராவது வந்து கொல்லணும்ல."

"வரேன்," என்றேன். "ஆனா கொல்றதுக்கு அவசரமே இல்ல."