சளிச்சுவருக்கு ஒரு பேரம்

புதன்கிழமை காலை, மணப்பாறைச் சந்தையில், வீரமலையின் குடலில் குடியிருக்கும் கிருமிகள் தொப்புள் வழியாக ஒரு கையை நீட்டி, பேச வேண்டும் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தன.

வீரமலை மாட்டுத் தரகர். முப்பது வருஷமாகத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை முடிக்கிறவர். பேச்சு என்று வந்தால் யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியோரம் நின்று, துண்டை வயிற்றின்மேல் போட்டு, உள்ளே கையை விட்டார். அந்தச் சின்னக் கை சளி பூசி வழுவழுவென்று இருந்தது.

"தரகரே, நாங்க சுவரைத் தின்னுக்கிட்டிருக்கோம்," என்றாள் கிருமிகளில் மூத்தவள்.

"எந்தச் சுவரை?"

"குடலுக்கு உள்பக்கம் பூசியிருக்கே, சளிச்சுவர். மூணு மாசமா ரெண்டு வேளையும் புரோட்டாதான் இறக்குறீங்க. அது மேலேயே கரைஞ்சுபோகுது. எங்க வரைக்கும் ஒரு நாரும் வரல. பசிச்சா எதைத் திங்கிறது? இன்னும் ஒரு பூச்சுதான் மிச்சம். அதுக்கு அந்தப்பக்கம் உங்க ரத்தம்."

"ரத்தத்துப் பக்கம் போனீங்க, தொலைச்சுப்புடுவேன்."

"நாங்க போகமாட்டோம். சுவர் விழுந்தா சிலபேர் போவானுங்க. எங்க ஆளுங்க எல்லாரும் யோக்கியனா என்ன?"

வாரத்தில் எத்தனை நாள் கம்பங்கூழும் கீரைத்தண்டும் என்பதுதான் பேரம். அவள் அவருடைய ஐந்து விரலையும் பிடித்துவிட்டு, மறுபடி இரண்டைப் பிடித்தாள். ஏழு. அவர் அவளுடைய ஒரு விரலைப் பிடித்தார்.

"உங்க சரக்கெல்லாம் அடிமாட்டு விலைக்குக்கூட ஆகாது," என்றார்.

"இந்த உடம்பு இத்தனை வருஷம் சந்தையில கத்துனது யாரு தயவுல?" என்று ஐந்துக்கு இறங்கினாள். அவர் இரண்டுக்கு ஏறினார். அவள் ஐந்தை விடவில்லை.

வீரமலைக்குச் சுர்ரென்று ஏறியது. துண்டை உதறித் தோளில் போட்டு நடையைக் கட்டினார். உதறிவிட்டுப் போகிற தரகனைப் பத்தடிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். அதுதான் சந்தை. பத்தாவது அடியில் கொஞ்சம் நின்றும் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பினார். தொட்டியோரம் ஆளில்லை. கூப்பிட வேண்டியவர்கள் அவர் வயிற்றிலேயே கூட வந்திருந்தார்கள்.

உள்ளே சுவரைக் கறுமுறு என்று கடிக்கும் சத்தம். பக்கத்தில் நின்ற எருமை காதைத் திருப்பிக் கேட்டது. இருபதாவது அடியில் வயிறு பற்றி எரிந்தது.

உதறின துண்டை அதே இடத்தில் மறுபடி விரித்த பழக்கம் வீரமலைக்கு இல்லை. அன்றைக்கு விரித்தார். தன் ஐந்து விரலையும் கொடுத்தார்.

"மிச்ச ரெண்டு நாள் புரோட்டா," என்றார்.

"சால்னா குறைச்சு," என்றாள்.

கடிக்கும் சத்தம் நின்றது. உள்ளே யாரோ சுவரைப் பூசத் தொடங்கினார்கள்.

விற்ற மாட்டோடு பழைய கயிறு போகாது. வாங்கினவர்தான் புதுக்கயிறு போட வேண்டும். அந்தக் கை உள்ளே போய்ப் புதுக்கயிற்றோடு திரும்பி வந்தது. வீரமலை தன் அரைஞாண்கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, கழுத்தை நீட்டினார்.

வீட்டு வாசலில் அவர் மனைவி பெருமாயி அந்தச் சின்னக் கையிலிருந்து கயிற்றைக் கைமாற்றி வாங்கினாள். அவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்துக் கேட்டாள்:

"முட்டுமா?"

"கத்தும். முட்டாது," என்றாள் உள்ளே மூத்தவள்.

பெருமாயி அவரை முளைக்குச்சியில் கட்டிவிட்டுக் கூழ் கரைக்கப் போனாள்.