மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

முதல் நாள் மூன்று அட்டைகள் குறைந்தன. கத்தரிக்கோல் டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், அம்மா துவைத்துக் காயப்போட்ட பிறகு கொண்டுவந்து கொடுப்பது புதிதல்ல. இரண்டாம் நாள் நான்கு குறைந்தன. மூன்றாம் நாள் இரண்டு. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இது பிள்ளைகள் வேலை இல்லை.

கத்தரிக்கோல் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கையில் கத்தரிக்கோல் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. சோப்பு டப்பா, செருப்புப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் வெட்டி ஒட்டிப் பாடமாக்கிவிடுவாள். அந்தப் பள்ளியில் அவள் அளவுக்குக் கைவேலை தெரிந்தவர் கிடையாது. இதை மற்றவர்கள் சொல்ல அவள் காத்திருப்பதில்லை, அவளே சொல்லிவிடுவாள்.

இந்த முறை செய்தது முப்பத்தாறு மஞ்சள் அட்டைகள். முன்பக்கம் கூட்டல் கணக்கு, பின்பக்கம் விடை. ஒரு பிள்ளை அட்டையைத் தூக்கிக் காட்டும், எதிரில் இருப்பது விடை சொல்லும், காட்டிய பிள்ளை திருப்பிப் பார்த்து சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும். மாதக் கடைசியில் மேலதிகாரி வருகிறார். யாருடைய கற்பித்தல் பொருள் நன்றாக இருக்கிறதோ அவர்தான் இனி மற்றப் பள்ளிகளுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கப் போவார். பதினோரு வருடமாக அவள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும் வாய்ப்பு. தலைமை டீச்சரின் பட்டியலில் இருந்தவை இரண்டே பெயர்கள். ஒன்று இவள். இன்னொன்று பூனை டீச்சர்.

பூனை டீச்சர் மூன்றாம் வகுப்புக்காரி, இவளுக்கு ஆறு வயது இளையவள். நடந்தால் சத்தம் கேட்காது, திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாள். காலையில் முதலில் வந்து எல்லா அறைகளையும் திறப்பதும் அவள்தான். போன மாதம் கத்தரிக்கோல் டீச்சர் ஒரு நாள் விடுப்பு எடுத்தபோது இவள் வகுப்பையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள்தான் முதல் மூன்று அட்டைகள் போயின. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இருவரும் ஒரு காலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்தான். போன வருடம் பூனை டீச்சர் எல்லார் முன்னாலும், "அக்கா, உங்க சார்ட்டுல சிலந்திக்கு ஆறு கால்தான் இருக்கு" என்று சொல்லித் தொலைத்தாள். கத்தரிக்கோல் டீச்சர் நாற்பது நாள் அவளிடம் பேசவில்லை. நாற்பத்தோராம் நாள் பேச ஆரம்பித்தாலும் சாப்பாட்டு டப்பா மட்டும் தனித்தனியாகவே இருந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் தகர டப்பாவில் மிஞ்சியது பதினெட்டு. அவற்றின் மூலையில் சிவப்பு மையால் கடுகளவு புள்ளி வைத்தாள். இரண்டே நாளில் ஆறு போயின. அதன் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. மிச்சம் பன்னிரண்டும் வைத்தது வைத்தபடி கிடந்தன. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளறியது. திருடுவதிலும் என்ன ஒரு தேர்வு?

மாலையில் துணி மடித்துக்கொண்டே கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் பேருந்து நடத்துநர். நாள் முழுக்கச் சண்டை கேட்ட காது அவனுடையது.

"முப்பத்தாறுல பன்னிரண்டை மட்டும் விட்டுட்டுப் போனாளா? ஏன்?"

"பிடிக்காததை விட்டிருப்பா."

"கூட்டல் கணக்குல பிடிச்சது பிடிக்காதது என்னம்மா இருக்கு? அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"ஆமா, திருடிகிட்ட போய்த் திருடினியான்னு கேட்பாங்க. நீங்க அந்தத் துண்டை ஒழுங்கா மடிங்க."

மறுநாள் மூன்றாம் வகுப்புக்கு விளையாட்டு நேரம். பிள்ளைகளோடு பூனை டீச்சரும் மைதானத்தில். அவளுடைய துணிப்பை நாற்காலியில் தொங்கியது. அடுத்தவர் பையில் கை விடுவது தவறு என்று கத்தரிக்கோல் டீச்சருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். ஆனாலும் விட்டாள்.

உள்ளே ஒரு உறையில் மஞ்சள் அட்டைகள். ஆறில் சிவப்புப் புள்ளி. இன்னொரு உறையைப் பார்த்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே அளவில், அதே மஞ்சளில், புத்தம் புதிதாக இருபத்து நான்கு அட்டைகள். எழுத்தும் இவள் எழுத்து மாதிரியே! ஐந்தின் வாலை இவள் ஒரு சுழி சுழிப்பாளே, அதைக்கூட விடவில்லை. காப்பியடிப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

இரண்டு உறைகளையும் கையில் தூக்கிக்கொண்டு நேரே தலைமை டீச்சர் அறைக்குப் போனாள். பூனை டீச்சரை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவள் மைதானத்துப் புழுதியோடு வந்து நின்றாள்.

"கையும் களவுமாப் பிடிச்சிட்டேன் மேடம். என் அட்டையை எடுத்து, அதைப் பார்த்துத் தன் பேர்ல புதுசா செஞ்சு வெச்சிருக்கா. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

பூனை டீச்சர் உறைகளைப் பார்த்தாள். பிறகு தலைமை டீச்சரைப் பார்த்தாள். மேசையில் அந்த இரண்டு பெயர் எழுதிய தாள் கிடந்தது. அதையும் பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன், மேடம். கேட்காம எடுத்தது தப்புதான்."

"எதுக்கு எடுத்தீங்க?"

பூனை டீச்சர் முந்தானையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டினாள். தலைமை டீச்சர் பெருமூச்சு விட்டு, ஒரு பெயரை அடித்தார். "நடந்ததை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. இங்கயே உட்கார்ந்து எழுதுங்க."

கத்தரிக்கோல் டீச்சர் உறைகளோடு வகுப்புக்குத் திரும்பினாள். கால் தரையில் பாவவில்லை. பதினோரு வருடம்! கையோடு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, பழைய உறையிலிருந்து புள்ளி வைத்த ஆறு அட்டைகளை எடுத்தாள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி. வருட ஆரம்பத்தில் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னவள், இப்போது ஒரு மாதமாக வாயே திறப்பதில்லை. இன்று அவளிடமிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

"எங்கே சொல்லு. எட்டும் அஞ்சும்?"

சிறுமி அட்டையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"தெரியலையா? விரல் விட்டு எண்ணு."

"தெரியும் டீச்சர்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உங்களுக்கு எது வேணும்? நிஜமா வர்றதா, அட்டையில இருக்கறதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே, கண்ணு?"

"இல்ல டீச்சர். எண்ணினா பதிமூணு வருது. அட்டை பதினொண்ணுன்னு சொல்லுது. அன்னிக்கு நான் பதிமூணு சொன்னேன். நீங்க அட்டையைப் பார்த்துட்டு, நல்லா யோசின்னு சொன்னீங்க."

டீச்சர் அட்டையைத் திருப்பினாள். பதினொன்று. அவள் கையெழுத்துத்தான். அடுத்ததைத் திருப்பினாள். ஆறும் ஐந்தும், பின்னால் பதிமூன்று. மிச்சத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாமே தப்பு.

அவள் அட்டைகளைத் தனித்தனியாக எழுதுவதில்லை. பெரிய தாளில் மூன்று வரிசையாகக் கட்டம் போட்டு முன்பக்கம் கணக்கை எழுதுவாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் விடைகளை எழுதுவாள். மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டிய பிறகுதான் கத்தரிப்பாள். தாளைத் திருப்பினால் இடது வரிசை வலப்பக்கம் போய்விடும், வலது வரிசை இடப்பக்கம் வந்துவிடும். அதனால் விடைகளை வலமிருந்து எழுத வேண்டும். தூக்கத்திலும் மறக்காத விஷயம் அது. பட்டியலில் தன் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்ட அன்று, தலைகால் புரியாத சந்தோஷத்தில், இடமிருந்து எழுதித் தள்ளியிருக்கிறாள். இரண்டு ஓர வரிசைகளுக்கும் விடை மாறிப்போனது. நடு வரிசை மட்டும் பிழைத்தது. டப்பாவில் மிஞ்சிய பன்னிரண்டும் அந்த நடு வரிசைதான்.

புது உறையைப் பிரித்தாள். எட்டும் ஐந்தும். பின்னால், வால் சுழித்த அவள் எழுத்தில், பதிமூன்று. இருபத்து நான்கும் சரியாக இருந்தன. ஓரத்தில்கூட வேறு யார் பெயரும் இல்லை.

பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தலைமை டீச்சர் அறையில் பூனை டீச்சர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு வரி ஆகியிருந்தது. அட்டை ஏன் போயிற்று என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

"சொல்லியிருக்கலாமேடி," என்றாள் கத்தரிக்கோல் டீச்சர்.

பூனை டீச்சர் நிமிரவில்லை. "ஒரு சிலந்திக்கே நாப்பது நாள், அக்கா. இது இருபத்து நாலு அட்டை." பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டினாள். "எல்லாத்தையும் மாத்தி வெச்சிட்டா உங்களுக்குத் தெரியாமலே போயிடும்னு நினைச்சேன். இன்னிக்குச் சாயங்காலம் வெச்சிருப்பேன்."

தலைமை டீச்சர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தரிக்கோல் டீச்சர் தப்பான அட்டைகளை அவர் முன்னால் பரப்பினாள். எட்டும் ஐந்தும் என்றிருந்ததை எடுத்து, தன் கையாலேயே திருப்பி வைத்தாள். வெட்கத்தில் காது எரிந்தது.

"மேடம், அடிச்ச பேரைத் திரும்ப எழுதுங்க. அடிக்க வேண்டியது என் பேரை. என் வகுப்புல ஒரு குழந்தை ஒரு மாசமா சரியாச் சொல்லி, என்கிட்ட தப்புன்னு கேட்டுட்டு உட்கார்ந்திருக்கு."

பூனை டீச்சரின் கைக்கடியிலிருந்து அந்தத் தாளை மெல்ல உருவி எடுத்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"கொடு. இதை நான் எழுதணும்."