வாகனத்தின் வகை

கார் வாங்க வருகிறவர்கள் முதலில் பானட்டைத் திறப்பார்கள். கோவிந்தராஜு பின்கதவைத் திறந்தான். செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, பின்சீட்டில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டான். பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாரியாயி அவனைவிட முக்கால் அடி குள்ளம். அவளுக்குச் சரியாக இருக்கும்.

"என்னா லா இது? காடி வாங்க வந்தியா, தூங்க வந்தியா?" என்றான் ஆ கியோங். மேரு சாலையில் பழைய கார் விற்கிற சீன முதலாளி. மலாயையும் தமிழையும் ரொஜாக் பழக்கலவை மாதிரி கலந்தடிப்பான்.

"எம் பொண்டாட்டி படுக்கணும் தவுக்கே. கிட்னி போச்சு. வாரம் மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்றோம். முடிஞ்சி வரப்ப நிக்க மாட்டா, தல சுத்திடும்."

ஆ கியோங் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். கார் இருபத்திரண்டு வருடத்துப் பழசு. ஜெர்மன்காரன் செய்தது. வெள்ளி நிறம், தோல் சீட்டு, கதவில் மர அலங்காரம். கூரைத் துணி பிரிந்து தொங்கியது, குளிர்சாதனம் சூடாக ஊதியது. ஆனால் கதவு அகலம்.

"இது ஏழாயிரத்தி ஐந்நூறு வெள்ளி. அங்க நிக்குது பாரு சின்ன காடி, அது பதினெட்டாயிரம். ஏன் தெரியுமா? பணக்காரன் பழச வாங்க மாட்டான், ஏழ பெருச வாங்க பயப்படுவான். நடுவுல இது என் கடையில சும்மா நிக்குது."

"பயப்படற அளவுக்கு எங்கிட்ட என்னா இருக்கு?" என்றான் கோவிந்தராஜு.

துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு வங்கி கடன் தராது. சேமநிதியில் எடுக்க முடிந்ததை எடுத்தான். மோட்டார் சைக்கிளையும் விற்றான். அதை விற்றதில் அவனுக்கு வருத்தமே இல்லை. போன தீபாவளிக்கு முந்திய வாரம், சிகிச்சை முடிந்து வருகிற வழியில், சமிக்ஞை விளக்கருகே மாரியாயி மயங்கி மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து சரிந்து விழுந்தாள். தாடையில் ஏழு தையல். பின்னால் வந்த லாரி பிரேக் பிடித்ததால் உயிர் தங்கியது. அதற்கப்புறம் வாடகைக் காரில் போய்ப் பார்த்தார்கள். போகவர நாற்பது வெள்ளி. அதிலும் பாதி ஓட்டுநர்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும், வந்த வேகத்தில் திரும்பிவிடுவார்கள்.

முதல் நாள் பின்சீட்டில் படுத்து வந்த மாரியாயி, வீடு வந்தும் இறங்கவில்லை.

"என்னா புள்ள, வீடு வந்துருச்சி."

"தெரியுது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே. யாரு மடியிலயோ படுத்த மாதிரி இருக்குய்யா."

அவன் எஞ்சினை அணைத்துவிட்டு முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

அடுக்குமாடி வீட்டில் வாய்கள் சும்மா இருக்குமா? "டத்தோ வராரு, வழி விடுங்கப்பா!" என்று, பட்டம் வாங்கிய பெரிய மனிதருக்குச் சொல்வதுபோல், பையன்கள் கத்தினார்கள். "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை பிடிப்பானாம்," என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான் என்பது கோவிந்தராஜுவுக்கும் தெரியும். எண்ணெய் ஒழுகியது. கிடங்கில் கூடுதல் நேரம் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மெழுகு போட்டுத் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கார் பளபளத்தது. அங்கேதான் அவன் கோட்டை விட்டான்.

பக்கத்து வீட்டுக் கனகம் வந்து நின்றாள். அவள் மகளுக்குக் கல்யாணம்.

"அண்ணே, மாப்ள வீட்டுல பொண்ணு பெரிய காடியிலதான் எறங்கணும்னு நிக்கறாங்க. வாடகைக்கு எடுத்தா எண்ணூறு கேக்கறான்..."

கோவிந்தராஜு தலையைச் சொறிந்தான். உள்ளேயிருந்து மாரியாயி, "குடுய்யா! நம்ம வாசல்ல நல்லது நடந்து எவ்ளோ நாளாச்சி," என்றாள்.

கார் முழுக்க மல்லிகையும் ரோஜாவும் கட்டினார்கள். கோவிந்தராஜு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெண்ணை மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கினான். எல்லாரும் காரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். விருந்தினர் கூட்டத்தில், சிகிச்சை நிலையத்தில் உதவி விண்ணப்பங்களைப் பார்க்கிற மிஸ் புஷ்பலதாவும் இருந்தாள். "ஏ அங்கிள், உங்க காடியா? அழகா இருக்கே!" என்றாள். அவன் பெருமையோடு, "நம்மளுதுதான் மிஸ்," என்றான்.

பத்து நாள் கழித்துச் சிகிச்சை நிலையத்திலிருந்து கடிதம் வந்தது: பெரிய கார் வைத்திருப்பவருக்கு இனி சலுகைக் கட்டணம் இல்லை.

அந்த நிலையம் ஓர் அறக்கட்டளையுடையது. வசதியில்லாதவர்களுக்கு ஒரு தடவைக்கு இருபது வெள்ளி. மற்றவர்களுக்கு நூற்றெழுபது. அரசாங்க மருத்துவமனையில் மாரியாயியின் பெயர் இரண்டு வருடமாக வரிசையில் கிடந்தது.

"நான் வேணும்னு சொல்லல அங்கிள்," என்றாள் புஷ்பலதா, அவன் கடிதத்தோடு போய் நின்றபோது. அவள் முகத்தில் உண்மையாகவே சங்கடம் இருந்தது. "நல்ல படமா இருக்குன்னு ஃபேஸ்புக்ல போட்டேன். கமிட்டி பாத்துட்டாங்க. காசு குடுக்கறவங்களே சின்ன காடிதான் ஓட்டறாங்க, உதவி வாங்கறவரு இந்த காடியான்னு கேக்கறாங்க."

கோவிந்தராஜு நான்காய் மடித்த ரசீதை எடுத்து மேசையில் வைத்தான். "ஏழாயிரத்தி ஐந்நூறு மிஸ். சின்ன காடி வெலயில பாதி கூட இல்ல. நீங்களே பாருங்க."

அவள் ரசீதைப் படித்தாள். பிறகு விண்ணப்பப் பாரத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்க. 'வாகனத்தின் வகை'ன்னுதான் கட்டம் இருக்கு. வெலைக்குக் கட்டம் இல்ல. நான் எங்க எழுதறது?"

"ஓரத்துல எழுதுங்க மிஸ்."

"ஓரத்துல எழுதுனா கம்ப்யூட்டர்ல ஏறாது அங்கிள்."

"அவ படுத்து வரதுக்குத்தான் மிஸ் வாங்குனேன். மோட்டார்ல வந்து விழுந்துட்டா. தையல் போட்டது உங்களுக்கே தெரியும்."

"தெரியும். நானும் சொல்லிப் பாத்தேன்." அவள் பேனாவை மூடினாள். "மாசக் கடைசிக்குள்ள வித்துட்டு வந்துருங்க. வேற யாரு பேருக்கும் மாத்தி வெக்காதீங்க. வீட்டுக்கு ஆள் வந்து பாப்பாங்க. இல்லன்னா நூத்தெழுபது கட்டணும்."

வாரத்துக்கு ஐந்நூற்றுப் பத்து. மாதத்துக்குப் போட்டால் அவன் சம்பளம் முழுசும் போய், மேற்கொண்டும் கேட்டது.

ஆ கியோங் காரைச் சுற்றி வந்தான். மெழுகு போட்ட பானட்டில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

"மூவாயிரம்."

"தவுக்கே, எண்ணெய் ஒழுகல் பூரா அடைச்சிருக்கேன். கூரைத் துணி புதுசு."

"நல்லா பாத்துகிட்ட, நான் சொல்றேன். ஆனா வாங்கறவன் யாரு? உன்ன மாதிரி ஒருத்தன் வர வரைக்கும் இது இங்கதான் நிக்கும்." ஆ கியோங் கொஞ்சம் யோசித்து, கடைக்கோடியில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளைக் காட்டினான். "அதையும் எடுத்துக்கோ. மூவாயிரத்துல ஆயிரத்தி இருநூறு கழிச்சிக்கறேன்."

மாரியாயியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவன் மோட்டார் சைக்கிளோடு கீழேயே நின்றான். அவள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அவன் மேலே வந்தபோது அவள் அழவில்லை. "காடியில வெச்ச அந்த சாமி படத்த எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் எடுக்க மறந்திருந்தான்.

புதன்கிழமை ஒரு மணிக்கு அவள் முறை முடிந்தது. கோவிந்தராஜு மோட்டார் சைக்கிளை வாசற்படியோடு ஒட்டி நிறுத்தியிருந்தான். தாதி ஒருத்தி மாரியாயியைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்து ஹெல்மெட்டை மாட்டினாள். அவன் கூடையிலிருந்து கைலியை எடுத்து, அவள் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, தன் வயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டான். ஊசி குத்திய கை கட்டுக்குள் மாட்டாதபடி வெளியே எடுத்துவிட்டான்.

புஷ்பலதா பாரத்தோடு வெளியே வந்தாள். குனிந்து எண் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

"இப்ப எல்லாம் சரியா இருக்கு அங்கிள். அடுத்த மாசமும் இருபது வெள்ளிதான்." அவளுக்கு மெய்யாகவே சந்தோஷம். "வெயிலு கொளுத்துது, பாத்து போங்க."

"சரிங்க மிஸ்."

முதல் மேட்டில் ஏறி இறங்கியபோது மாரியாயியின் ஹெல்மெட் அவன் ஹெல்மெட்டில் முட்டியது.

"மாரி?"

"உம்."

கடைத்தெருவைத் தாண்டியதும் மறுபடி கூப்பிட்டான். பதில் வரவில்லை. கைலி மட்டும் இழுத்தது, அவளுடைய பாரம் முழுவதும் ஒரு பக்கமாக இறங்கியது. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. ஓரத்தில் நிறுத்த இடமில்லை. கோவிந்தராஜு ஒரு கையால் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டினான்.