ஏழாவது மிஷின்

பட்டன் அக்கா தைத்த பட்டன் சட்டை கிழிந்தாலும் கழன்று விழாது. அப்பேர்ப்பட்ட கை அன்றைக்குப் பேனாவை ஊசி மாதிரிப் பிடித்துக்கொண்டு தடுமாறியது.

முதலாளி தையல் கடையை விற்றுவிட்டார். மிஷின்களை ஏற்றிப்போக வாசலில் லாரி. கடையில் இருந்த ஏழு மிஷினும் தன்னுடையவை என்று எழுதிக்கொடுத்துவிட்டார், மனசாட்சியே இல்லாத மனுஷன்! ஜன்னலோரத்து மிஷின் அக்கா சொந்தமாக வாங்கி, பதினோரு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்து போட்டது. வாங்கிய ரசீது, வீடு மாறியபோதே தொலைந்துவிட்டது. மிஷின் போனால் அவள் பிழைப்பு போச்சு.

அக்கா கொடுத்த புகாரை விசாரிக்க வந்த அதிகாரியம்மா நீட்டிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா மகளுக்குப் போன் போட்டாள்.

"ஐ ஹேவ் எ மிஷின்னு எழுதும்மா. ஹேவ் எல்லாத்துக்கும் ஒத்துப்போகும்."

அதிகாரியம்மா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஹேவ்னு எழுதினா எப்படி வேணாலும் அர்த்தம் பண்ணலாம்மா. இந்தக் குடைகூடத்தான் என்கிட்ட இருக்கு. ஆனா என் தங்கச்சியோடது."

முதலாளியின் தாளில் பொசஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீங்க ரொம்பச் சந்தோஷப்படாதீங்க," என்றாள் அதிகாரியம்மா. "பொசஸ்னா உங்க கைவசம் இருக்கு, அவ்வளவுதான். சொந்தம்னா 'ஓன்'னு எழுதணும். எழுதுறவங்க ஆதாரம் காட்டணும்."

"என் கடைக்குள்ள இருக்கே, அது போதாதா? இவ என்கிட்ட வேலை பார்த்தவ மேடம்."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. பேனாவைக் கீழே வைத்தாள்.

"முதலாளி, உங்க மிஷினுக்கெல்லாம் யார் எண்ணெய் விடுவா?"

"நான்தான்! வேற எவனையும் தொட விடமாட்டேன். மாசம் ஒண்ணாந்தேதி விட்டுட்டு, மிஷின் தலையைச் சாய்ச்சு அடிப்பலகையில பென்சிலால தேதி போட்டுடுவேன். இருபது வருஷமா ஒரு மாசம்கூடத் தவறினதில்ல," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படிப் போடுங்க! மேடம், எல்லாத்தையும் சாய்ச்சுப் பாருங்க."

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆறு மிஷின்களின் தலையைச் சாய்த்தார்கள். ஆறிலும் வரிவரியாகத் தேதி. ஜன்னலோரத்து மிஷினில் பென்சில் கீறல் ஒன்றுகூட இல்லை. சிவப்பு நகப்பூச்சுப் புள்ளிகள்தான், வருஷத்துக்கு ஒரு வரிசையாகப் பதினோரு வரிசை.

"இவரோட கஞ்ச எண்ணெய்க் குப்பியிலேர்ந்து ஒரு சொட்டு இதுக்கு வந்ததில்ல மேடம். ஒவ்வொரு மாசமும் என் கைக்காசுல எண்ணெய் வாங்கி ஊத்திட்டு நான் வெச்ச புள்ளி இது."

"இது உங்களோடதுன்னா ஏன் சார் இதுக்கு மட்டும் எண்ணெய் விடல?" என்று கேட்டாள் அதிகாரியம்மா. முதலாளி லாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அதிகாரியம்மா அவருடைய தாளில் ஏழு என்பதை அடித்து ஆறு ஆக்கிவிட்டு, அக்காவின் பக்கம் படிவத்தைத் தள்ளினாள்.

இப்போது கை தடுமாறவில்லை. அக்கா ஹேவை ஒரே கோட்டில் அடித்தாள். ஓன் என்று கட்டத்துக்கு வெளியே வழியும்படி பெரிதாக எழுதினாள். முத்திரை விழுந்தது.

மறுபடி மகள் போனில் வந்தாள். "அம்மா, ஹேவ்னு எழுதினியா?"

"ஹேவாவது ஒண்ணாவது! நான் என் மிஷினைத் தள்ளிக்கிட்டு வர்றேன், வாசக் கதவைத் திறந்து வைடி!"

நட்டநடு ரோட்டில் உருளைகள் கடகடக்க, லாரிக்கு முன்னால் போனது ஏழாவது மிஷின்.