ரோட்டுக்கு இந்தப் பக்கம்

"அப்பா, டாக்டர் ரோட்டைத் தாண்டினா மட்டும் ஏன் சிரிக்கிறாரு?"

போன வருஷம் காய்ச்சலோடு டெச்சிமான் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த ஆறு வயது போமா கேட்ட கேள்வி இது. அப்பன் ஒபிரி அவசரமாகப் பிள்ளையின் வாயைப் பொத்தினான். கர்த்தர் டாக்டர் அம்போன்சாவுக்கு இரண்டு முகம் தந்திருந்தார். காலையில் அரசாங்கத்துக்குக் காட்ட ஒன்று. பத்து மணிக்கு மேல் எதிர்ச்சாரியில் தன் சொந்தக் கிளினிக்குக்கு மற்றது.

இப்போது போமாவின் அம்மா செர்வா உள்ளே பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கானாவில் அரசாங்கப் பிரசவம் இலவசம். குழந்தையும் வாளியும் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். வாளிக்குள் ரப்பர் விரிப்பு, டெட்டால், பஞ்சு, கையுறை.

சிஸ்டர் வாளியைக் கிளறினாள். "என்னப்பா, கையுறை ஒரே ஒரு ஜோடி?"

"உங்களுக்கு ரெண்டு கைதானே சிஸ்டர்னு..."

"நல்லா எண்ணுனே போ! ஒரு பெட்டி வேணும்யா. உம் பொண்டாட்டிக்கு ரத்தம் போகுது. ஸ்டோர்ல ஒண்ணுமில்ல. வெறுங்கையால நான் என்ன பண்ண?"

ஒபிரி எதிர்ச்சாரி மருந்துக்கடைக்கு ஓடினான். பூட்டு. கடைக்காரியான டாக்டர் மனைவி ஏழைகளுக்காக ஜெபிக்கப் போயிருந்தாள்.

திரும்பி வந்து தலையில் கைவைத்து நின்றான். உள்ளே கட்டில் இல்லாததால் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த நிறைமாதக்காரி ராமத்து, தன் வாளியிலிருந்து பிரிக்காத பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இந்தா அண்ணே."

"உனக்கு வேணாமாம்மா?"

"எம்புள்ள சோம்பேறி, அவங்கப்பன மாதிரி. சீக்கிரத்துல வரமாட்டான். பேசிக்கிட்டு நிக்காத, ஓடு!"

செர்வா பிழைத்தாள். ஆண் குழந்தை. மிச்சக் கையுறைகள் அடுத்தடுத்து வந்த பெண்களுக்கெல்லாம் போயின. சாயங்காலம் ராமத்துவின் முனகல் கூடியபோது அவள் வாளியில் கையுறை இல்லை. அதை ஒபிரி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான்.

கடை திறந்திருந்தது. டாக்டர் மனைவி எடுத்து வைத்த பெட்டியில் ‘அரசாங்கச் சொத்து, விற்பனைக்கு அல்ல’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"மேடம், இது..."

"படிக்க வந்தியா, வாங்க வந்தியா? அந்த எழுத்துக்கு நான் தனியா காசு கேட்டேனா?"

மகனுக்குப் பெயர் வைக்கும் நாள் விருந்துக்கு ஒதுக்கியிருந்த பணம் கைமாறியது. ரோட்டைத் தாண்டித் திருடப்பட்ட பெட்டி, விலை கொடுத்துத் திரும்பவும் ரோட்டைத் தாண்டி வந்தது.

வராந்தாவில் ஆளில்லை. இரண்டு வலிகளுக்கு நடுவே ராமத்து கண்ணயர்ந்திருந்தாள். ஒபிரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நெருங்கினான். குழந்தைத் துணிக்கு மேலே, சிஸ்டரின் கை முதலில் படும் இடத்தில், பெட்டியை வைத்தான். ஈ மொய்க்காமல் வாளியை மூடிவிட்டு, வந்த வழியே போனான்.