கறுப்பு கூடிப்போன சரக்கு

கறுப்பு போதவில்லை என்று சரக்கைத் திருப்பினால் வாய்மூடி வாங்கிக்கொள்ளலாம். கறுப்பு கூடிப்போச்சு என்று திருப்பினால் என்ன செய்வது? ஒசாகாவிலிருந்து மிகாவா வரை காரில் இதைத்தான் மென்றுகொண்டு போனேன். கமேயாமா தாண்டும்போது வழக்கமான நெரிசல். டப்பாக் காபி ஆறிப்போய் இரும்பு மாதிரி ருசித்தது.

எங்கள் பட்டறை கிழக்கு ஒசாகாவில் இருக்கிறது. இப்போதெல்லாம் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறதல்லவா, குறுக்கே ஆள் வந்தால் தானே பார்த்து பிரேக் போடச் சொல்லும், அதன் வாயில் கட்டைவிரல் பருமனில் ஒரு கூடு இருக்கும். அந்தக் கூட்டின் உட்புறத்துக்குக் கறுப்பு பூசுவதுதான் எங்கள் பிழைப்பு. பக்கவாட்டில் நுழைகிற வெயில் அந்தக் கறுப்பிலேயே செத்துப்போக வேண்டும். சாகாமல் துள்ளினால் கேமராவின் கண்ணில் வெள்ளைப் படலம் விழும். எதிரே நிற்கும் ஆள் அதற்குத் தெரியாமல் போவான்.

கறுப்பு எனக்குப் புதிதில்லை. நான் வளர்ந்தது ஒசாகாவின் சென்பா கடைத்தெருவில், துணி வியாபாரிகள் நடுவே. அப்பா துக்க உடைக்கான கறுப்புத் துணியை மொத்தமாக விற்றவர். சாவு வீட்டில் வரிசையாக உட்காரும்போது யாருடைய கறுப்பு வெளிறியிருக்கிறது என்று பெண்கள் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அந்த ஓரக்கண்ணில்தான் எங்கள் வீட்டுச் சோறு வெந்தது.

இந்த வம்பு ஒரு போனில் ஆரம்பித்தது. மிகாவாவில் கேமரா கட்டும் கம்பெனியின் தரப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நாருசே என்ற பெண், எங்கள் முதலாளி ஷியோதானியைக் கூப்பிட்டு, "உங்க சரக்கு, ஆரம்பத்துல நீங்களே பூசிக் கொடுத்து எங்ககிட்ட இருக்கிற சாம்பிளைவிடக் கறுப்பா இருக்கு. சாம்பிளுக்கு ஒத்துப்போற மாதிரி குறைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

முதலாளி, "யோசிச்சு வைக்கிறேம்மா" என்றிருக்கிறார்.

ஒசாகாவில் அதற்கு 'நடக்காது, போனை வை' என்று அர்த்தம். பொம்மை கேட்டு அழுகிற குழந்தைக்குக்கூட அது புரியும். மிகாவாக்காரர்களோ நிஜமாகவே நாங்கள் யோசிப்பதாக நினைத்துக் காத்திருந்தார்கள். போன வாரம், "யோசிச்சாச்சா?" என்று மறுபடி போன் வந்தது. கூடவே, வந்த பெட்டிகளை நிறுத்தி வைத்திருப்பதாகச் செய்தியும் வந்தது. பட்டறையின் பாதி வேலை அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் ஓடுகிறது. முதலாளியின் வீறாப்பு அன்றைக்கே இறங்கிவிட்டது.

இன்று காலை கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள அவங்க இந்தக் கறுப்பை ஏத்துக்கணும், நெகோரோ. இல்லேன்னா நாளைக்கே பூச்சுல மினுக்கு கலந்துடுவேன். சாம்பல் நிறம் கேக்குறவனுக்குச் சாம்பல் நிறம்."

"வெயில் துள்ளுமே, முதலாளி."

"துள்ளட்டும். அவங்க சாம்பிள்தானே."

"எவனாவது அடிபட்டா யார் பேர் வரும்?"

"அதுக்குத்தான்டா உன்னை அனுப்புறேன். வாய் இருக்குல்ல, போய் ஆட்டு."

நான் புண்ணியவான் இல்லை. ஆனால் சாயம் போன துணி விற்றவனுக்கு அடுத்த சாவு வீட்டில் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவன்.

கம்பெனியில் ஜன்னலோரம் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். நாருசே வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, விளக்கின் கீழே எங்கள் கூட்டையும் சாம்பிளையும் அருகருகே வைத்தாள். பக்கத்தில் அவளுடைய மேலாளர் இசோகாய். பல வருஷமாகப் பழக்கம். கண்ணுக்குக் கீழே பை தொங்கும் மனிதர். இன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாருங்க" என்றாள் நாருசே. "கறுப்பை அளக்கிற கருவி இந்த வளைவுக்குள்ள போகாது. கண்ணாலதான் பாக்கணும். சாம்பிள் மாதிரியே இருக்கணும்னுதான் ஒப்பந்தம். இருக்கா?"

இல்லை. எங்கள் கூட்டின் உள்ளே கிணறு மாதிரி இருட்டு. சாம்பிளின் உள்விளிம்பில் வழவழவென்று ஒரு மினுக்கு ஓடியது, பழைய கோட்டின் முழங்கையில் ஓடுமே, அந்த மாதிரி. பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் பூச்சு பஞ்சு போன்றது. விரல் பட்டால் படுத்துவிடும், படுத்த இடம் பளபளக்கும். இத்தனை வருஷக் கூட்டங்களில் எத்தனை பேர் சாம்பிள் பெட்டியைத் திறந்து, "இதுதானா அது" என்று எடுத்துத் தடவிப் பார்த்தார்களோ.

"சரக்கு மாறலீங்க. இதை யாரோ தொட்டுத் தொட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"இங்க யாரும் தொட மாட்டாங்க" என்றார் இசோகாய், மேஜையைப் பார்த்தபடி. "கையுறை இல்லாம தொடக்கூடாதுன்னு விதி இருக்கு."

"விதி இருக்கு. விரலும் இருக்குமில்ல."

நாருசே மேலாளரைப் பார்த்தாள். அவர், "நீ போய் போன மாசத்துப் பெட்டியிலேருந்து ஒரு கூடு எடுத்துட்டு வாம்மா. அதையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடுவோம்" என்றார். அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அறை இன்னும் சின்னதாகிவிட்டது.

"நெகோரோ சான்" என்றார். "இந்தச் சாம்பிள் தேஞ்சுபோச்சுன்னு நான் எழுதினா, எப்பலேருந்துன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா, இதைப் பாத்துப் பாஸ் பண்ணின அத்தனை வண்டியையும் வரவழைச்சுத் திறக்கணும்."

"திறந்தா உள்ள நல்ல கறுப்புதான் இருக்கும். நாங்க ஒரு தடவைகூட மாத்தினதில்ல."

"விக்கிறவர் வேற எப்படிச் சொல்வார்?"

"அதுவும் சரிதான்."

"உங்க சரக்கு நல்லதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு சொல்றதும் தப்பில்ல. எனக்கு மட்டும்தான் எந்தப் பக்கமும் வழியில்ல."

"வழி இல்லேன்னா நாளையிலேருந்து எங்க முதலாளி உங்க சாம்பிள் மாதிரியே செஞ்சு அனுப்பிடுவார். அச்சு அசலா. சாயங்கால வெயில்ல அது என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

பேரத்தில் இப்படி ஒரு இடம் வரும். இரண்டு பேருக்கும் விலை தெரியும், வாயைத் திறந்தவன் தோற்றான். அப்பா இந்த இடத்தில் கணக்குப் போடும் மணிச்சட்டத்தைச் சும்மா தட்டிக்கொண்டிருப்பார். இசோகாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சாம்பிள் பெட்டியை, துடைக்க இடம் வேண்டும் என்பது போல, என் பக்கம் நகர்த்தினார். பிறகு ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அதில் அழுக்கே இல்லை. துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் சாம்பிளை எடுத்தேன். கட்டைவிரலை உள்ளே விட்டு, நன்றாக அமுக்கி ஒரு சுற்று சுற்றினேன். இனி எவனாவது 'எப்பலேருந்து' என்று கேட்டால், இன்றைக்கிலிருந்து.

நாருசே உள்ளே வந்தபோது விரல் இன்னும் அதற்குள்தான் இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஐயோ, தெரியாம..." என்று வாயைப் பிளந்தேன். இந்த வயதில் இவ்வளவுதான் நடிப்பு வரும்.

இசோகாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். அந்த மனிதருக்குள் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. "எத்தனை வருஷமா இங்க வர்றீங்க? சாம்பிளைக் கையால தொடலாமா? உங்க கம்பெனியில இதைத்தான் சொல்லித் தராங்களா?" நடைபாதையில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் இடுப்பை மடித்துக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு வலித்தது.

நாருசே சாம்பிளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு விரலா வெச்சீங்க?"

"ஒண்ணுதாங்க."

"ஒரு விரலுக்கு இவ்வளவு மினுக்கா?"

"ஒசாகாக்காரங்க விரல்" என்றார் இசோகாய். "பொழுதன்னிக்கும் எண்ணெய்ப் பலகாரம் திங்கிற விரல்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். கையிலிருந்த போன மாதக் கூட்டை எங்கள் புதிய கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கிணறு. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "சப்ளை பண்றவங்க சாம்பிளைக் கெடுத்துட்டா விதி என்ன சொல்லுது?"

"நல்ல சரக்குலேருந்து புதுசா ஒண்ணு எடுத்து ரெண்டு தரப்பும் முத்திரை வைக்கணும். கெடுத்த ஆள் மன்னிப்பு எழுதித் தரணும். இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள அவர் வரக்கூடாது."

கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தேய்ந்தது.

போன மாதக் கூட்டையே சாம்பிளாக்கி முத்திரை வைத்தோம். நிறுத்தி வைத்திருந்த பெட்டிகள் உள்ளே போயின. மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். வாசலில் என் வருகை அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இசோகாய் கார் வரைக்கும் வரவில்லை, வரவும் முடியாது.

காரில் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

"மினுக்கு கலக்காதீங்க. ஏத்துக்கிட்டாங்க."

"அப்படி என்னடா பேசின?"

"பேசல. சாம்பிள்ல விரலை வெச்சேன். இனிமே நான் இங்க வர முடியாது. அடுத்த மாசத்துலேருந்து நீங்கதான் வரணும்."

"அந்த ஆளுங்களோட எனக்குப் பேச வராதுடா."

"பேசவே வேணாம். 'யோசிச்சு வைக்கிறேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க."

அந்தப் பக்கம் பட்டறைக் கம்ப்ரஸர் ஓடுவது கேட்டது.

"எந்த விரல்?" என்றார்.

"கட்டைவிரல்."

"நல்லா அமுக்கினியா?"

"நல்லாத்தான்."

"சரி, பாத்து ஓட்டிட்டு வா" என்று போனை வைத்தார்.